எந்தப் பதக்கம் போய் வந்தது?

ஜெர்மனியின் வுப்பர்டாலில் ஆற்றை ஒட்டி நிற்கும் பழைய செங்கல் கட்டடம் ஒன்றில், பதக்கங்கள் அடிக்கும் பட்டறையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். துப்பாக்கி சுடும் சங்கங்கள், கார்னிவல் குழுக்கள், மரதன் ஓட்டங்கள், நாற்பது ஆண்டு சேவை முடித்த தீயணைப்பு வீரர்கள் என்று எல்லோருக்குமான பதக்கங்களும் எங்கள் அச்சுகளில்தான் பிறக்கின்றன. நான் செதுக்குபவள். படத்தைக் கணினியில் வரைந்து, இயந்திரம் அதை உருக்கு அச்சில் வெட்டிய பிறகு, உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கையால் சீர் செய்வேன். ஒரு சங்கத் தலைவரின் மீசை நன்றாக விழுந்திருந்தால் அது என் கை செய்த வேலை.

உறவினர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம். "அப்ப நகைக்கடையோ?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். "அப்ப கோப்பை செய்யிற இடமோ?" என்பார்கள். பிறகு நானும் ஓம் என்று விட்டுவிடுவேன்.

அதனால்தான் விண்வெளிக்குப் போகிற பதக்கம் செய்யும் வேலை வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் ஊட்டுவதற்கென்று நடக்கும் ஒரு சங்கம், விண்வெளி நிலையத்துக்குப் போகவிருந்த ஒரு வீராங்கனையோடு பேசி ஏற்பாடு செய்திருந்தது. அங்கே போகிறவர்கள் தங்கள் சொந்த நினைவுப் பொருட்களாக ஒரு சிறு பொதி கொண்டுபோகலாம். அந்தப் பொதியில் சங்கத்துக்கும் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது. எண்பது பதக்கங்கள் அடிக்க வேண்டும். அவற்றில் முப்பது மேலே போய்த் திரும்பி வரும். அந்த முப்பதில் பெரும்பகுதி போட்டியில் வென்ற பள்ளிகளுக்குப் பரிசாகக் கொடுக்கப்படும். மற்ற ஐம்பதும் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு.

"போய் வந்தவற்றில் ஒன்று உனக்கு," என்றார் முதலாளி. "நீதானே செதுக்குகிறாய்."

அன்று மாலையே, என் மகள் சனிக்கிழமைகளில் போகும் தமிழ்ப் பள்ளியின் பொறுப்பாளர் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, எனக்குக் கிடைப்பதைப் பள்ளிக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முதலில் வெண்கலத்தில் வடிவமைத்தோம். பொதியின் எடைக்கு ஒரு கணக்கு வந்தது, வெண்கலம் அதற்குள் அடங்கவில்லை. அலுமினியத்துக்கு மாறினோம். அலுமினியம் வேறு மாதிரி விழும், ஆழம் போதாது. ஆகவே அச்சைத் திரும்ப வெட்டினேன். பிறகு சங்கத்தின் நிர்வாகக் குழு, பதக்கத்தில் செதுக்கியிருந்த பூமியில் ஆப்பிரிக்கா பெரிதாகவும் ஐரோப்பா மூலையிலும் தெரிகிறது என்றது. பூமியைத் திருப்பினேன். இப்போது கடல் அதிகம் என்றார்கள். எழுத்து மெல்லியதாக வேண்டும் என்றார்கள். மெல்லியதாக்கியதும் வாசிக்க முடியவில்லை என்றார்கள். ஏழு முறை மாற்றினேன். எட்டாவது முறை இரண்டாவது மாதிரியைத் திரும்ப அனுப்பினேன். "இதுதான் நாங்கள் கேட்டது," என்று பதில் வந்தது.

இறுதிக் கூட்டத்துக்குச் சங்கத்தின் செயலாளர் அம்மையார் பட்டறைக்கே வந்தார். நரைத்த முடியை இறுக்கமாக வெட்டிய, எப்போதும் கையில் ஒரு நீலக் கோப்பு வைத்திருக்கும் பெண். அவரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"போய் வருவதும் இங்கேயே இருப்பதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். விளிம்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் அடித்துவிடட்டுமா? ஒரு நாள் வேலை."

"விளிம்பு கண்ணாடி போல இருக்க வேண்டும் என்று குழு முடிவெடுத்திருக்கிறது," என்றார்.

"சிறிய எண். நகத்தின் முனையளவு."

"அவை வேறு பையில் இருக்கும், இவை வேறு பையில் இருக்கும். எப்படிக் கலக்கும்?"

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், போதும் விடு என்று இருந்தது. விட்டேன்.

எண்பதில் மேற்பரப்பு நன்றாக விழுந்த முப்பதை நானே தெரிவு செய்தேன். அனுப்புகிற இடத்தில் ஒவ்வொன்றின் எடையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். கையுறை போட்டு ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை எழுதி, பட்டியலை அனுப்பி, ஒரு பிரதியை என் மேசை லாச்சிக்குள் போட்டுவைத்தேன்.

விண்கலம் கிளம்பிய நாளில் பட்டறையின் ஓய்வறையில் எல்லோரும் ஒரு கைபேசித் திரையைச் சுற்றி நின்று பார்த்தோம். என் கண் கலங்கியது. ஒருத்தி பேப்பர் கைக்குட்டை எடுத்து நீட்டினாள். என்னை ஒரு பிள்ளையாக இந்த நாட்டுக்கு அழைத்துவந்த காலத்தில், அகதிகளாக விண்ணப்பித்திருந்த எங்களுக்கு இந்த ஊர் எல்லையைத் தாண்டிப் போகவே அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது. ஹனோவரில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போக அம்மா ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். நான் செதுக்கிய ஒரு தகடு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை உலகத்தைச் சுற்றப்போகிறது என்று நினைத்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் திமிராகவே இருந்தது.

அரை ஆண்டு கழித்து வீராங்கனை நலமாகத் திரும்பினார். அதன் பிறகும் சில வாரங்கள் காத்திருந்து, பை எங்கள் பட்டறைக்கு வந்தது. அது வந்த வெள்ளிக்கிழமை நான் ஹனோவரில் இருந்தேன். பெரியப்பாவின் பேத்திக்குச் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு விழா. மண்டபத்தில் நின்று பலகாரத் தட்டு தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே பொதி செய்யும் பகுதியில் வேலை செய்யும் மனிதர் இரண்டு பைகளையும் திறந்து, எண்பதையும் ஒரே தட்டில் கொட்டி, கழுவும் தொட்டியில் போட்டு, துடைத்து, நீல வெல்வெட்டில் அழகாக அடுக்கி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரே தட்டு. எட்டு வரிசை, வரிசைக்குப் பத்து. எல்லாம் பளபளவென்று.

"போய் வந்தது எது?" என்று கேட்டேன்.

அவர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கும் மனிதர். ஒரு நாளும் ஒரு பெட்டியைத் தவறாக ஒட்டியதில்லை. மேசையில் இருந்த வேலைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "எண்பது பதக்கங்கள், சுத்தம் செய்து பெட்டியில் இடவும்" என்று எழுதியிருந்தது. "எண்பதையும் செய்தேன்," என்றார்.

தாளில் அப்படித்தான் இருந்தது. எழுதியவர் முதலாளி. முதலாளிக்குச் சங்கத்தின் மின்னஞ்சலில் வந்த வரி அது. சங்கத்தில் எழுதியவருக்கு இரண்டு பை இருப்பதே தெரியாது. யார் மீது கத்துவது? கத்தினேன், அந்த மனிதர் மீதுதான் கத்தினேன். அவர் முகம் சிவந்துபோய் வெளியே போய்விட்டார். மத்தியானம் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அதன் பிறகு பல வாரங்கள் எனக்குக் காலை வணக்கம் மட்டுமே சொன்னார்.

லாச்சிக்குள் கிடந்த எடைப் பட்டியல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஆனால் அதில் முப்பதின் எடைதான் இருந்தது. இங்கேயே இருந்த ஐம்பதை யாரும் நிறுக்கவில்லை, நிறுக்கும்படி யாரும் கேட்கவுமில்லை. எல்லாம் ஒரே தகட்டில் வெட்டி ஒரே அச்சில் அடித்தவை. பலவற்றின் எடை ஒன்றுதான்.

மூன்று நாட்கள் எண்பதையும் நிறுத்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை. ஒரு எடை பட்டியலில் இல்லவே இல்லையென்றால் அந்தப் பதக்கம் நிச்சயமாகப் போகவில்லை. ஒரு எடையில் பட்டியலில் எத்தனை இருக்கிறதோ தட்டிலும் அத்தனையே இருந்தால், அவை நிச்சயமாகப் போனவை. மற்றவற்றில் எதுவும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் பின்னேரம் கணக்கு முடிந்தது. போனவை என்று சத்தியம் செய்யக்கூடியவை ஏழு. போகாதவை பத்தொன்பது. எஞ்சிய ஐம்பத்து நான்கில் இருபத்து மூன்று போயிருக்கின்றன. எந்த இருபத்து மூன்று என்பது யாருக்கும் தெரியாது. ஹனோவரில் இயற்பியல் படிக்கும் மச்சானைக் கேட்டேன், ஏதாவது கதிர்வீச்சு அடையாளம் இருக்காதா என்று. "நிலையத்துக்கு உள்ளுக்கை பையோட கிடந்த அலுமினியத்தில என்னத்தைக் காணுறது, மச்சாள்? ஒண்டுமிராது," என்றான்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதரல்ல. என்னை இங்கே பயிற்சிக்கு எடுத்தவரே அவர்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண் என்னை முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்பப் பார்த்தாள்.

"முப்பதை எடுத்துத் தனியாக வை," என்றார். "ஏழு நிச்சயம். மிச்சத்துக்கு அந்த ஐம்பத்து நான்கில் இருந்து இருபத்து மூன்றை எடு. சான்றிதழில் செதுக்கியவர் என்று உன் கையெழுத்தும் வரும்."

"இது விண்வெளிக்குப் போய் வந்தது என்று எழுதியிருக்கிறதே. எனக்குத் தெரியாததில் எப்படிக் கையெழுத்து வைப்பது?"

"யாருக்கு என்ன நட்டம்? பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்."

"அதற்கென்றால் கடையில் வாங்கிய பொத்தானைக் கொடுத்தாலும் சந்தோஷப்படுவார்களே."

"வேறு யாராவது பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியாது. அதுதான் பிரச்சினை."

"அதுதான் தீர்வு," என்றார் அவர்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க எண்களோடுதான் மல்லுக்கட்டுகிறார். அவராவது விளங்கிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"இஞ்சரும், உமக்கேன் உந்தத் தலையிடி?" என்றார். "கலந்து விட்டது அவங்கள். எழுதித் தாறது அவங்கள். நீர் வேலை செய்யிற ஆள்."

"கையெழுத்து என்ரையெல்லே?"

"அப்ப வைக்காதையும்."

"வைக்காமல் விட்டால், நான் செய்தது எண்டு ஒரு இடத்திலயும் இராது."

அவர் சோற்றைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார்.

அடுத்த வாரம் செயலாளர் அம்மையார் அதே நீலக் கோப்போடு வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். இந்த விஷயத்தில் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "மிக நேர்த்தியான வேலை," என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பிறகு புதிய சான்றிதழின் வாசகத்தைக் காட்டினார். "இந்தப் பதக்கம், விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொடரைச் சேர்ந்தது."

திரும்பத் திரும்ப வாசித்தேன். பொய் இல்லை. எண்பதும் ஒரே தொடர்தான். தொடரில் முப்பது போனது உண்மைதான். ஒரு சொல்லைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. ஆனால் அதை வாசிக்கும் ஒருவரும், தன் கையில் இருப்பது போகவில்லை என்று நினைக்கப்போவதில்லை.

"இதில் கையெழுத்து வைக்கலாம்தானே?" என்றார்.

வைத்தேன். எண்பதிலும் வைத்தேன். அன்று நான் மறுப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லாதபடி அந்த வாக்கியத்தை அவர் எழுதியிருந்தார். கோபம் அவர் மீது வந்ததா, என் மீது வந்ததா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அந்த ஏழு பதக்கங்களையும் தனியாகத் தாருங்கள்," என்றார் போகும்போது. சிறு பைகளில் போட்டுக் கொடுத்தேன். போட்டியில் முதல் ஏழு இடங்களில் வந்த பள்ளிகளுக்குப் போகும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

விழா பிராங்பேர்ட்டில் நடந்தது. பட்டறையிலிருந்து முதலாளியும் நானும் போனோம். அங்கேதான் அந்த ஏழும் எங்கே போகின்றன என்று கண்டேன். ஒன்று வீராங்கனைக்கு, சட்டம் போட்டு. ஒன்று அமைச்சிலிருந்து வந்தவருக்கு. மற்றவை சங்கத்துக்கு ஆதரவு கொடுக்கும் நிறுவனங்களின் ஆட்களுக்கு. அவர்கள் கை கொடுத்து, படம் எடுத்து, பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டார்கள். ஒருவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பள்ளிகளுக்கு ஐம்பத்து நான்கிலிருந்து எடுத்தவை. மூன்று நாள் நான் கண் வலிக்க நிறுத்தது இதற்குத்தான். பெரிய மனிதர்களுக்குப் பிழையானது போய்விடக்கூடாது என்பதற்கு.

சிற்றுண்டி நேரத்தில் வீராங்கனை என்னிடம் தானாகவே வந்தார். செதுக்கியவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சின்ன உருவம், சத்தமான சிரிப்பு. எனக்குக் கேட்க வேண்டியிருந்தது ஒன்றுதான்.

"அங்கே அதை எடுத்துப் பார்த்தீர்களா? மிதக்கவிட்டீர்களா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "உண்மையைச் சொல்லட்டுமா? பை முத்திரையோடு வந்தது, முத்திரையோடு திரும்பியது. எந்தப் பெட்டகத்தில் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. என் மகனின் ஒரு காலுறையை மட்டும் படுக்கைப் பைக்குள் வைத்திருந்தேன். மற்றதெல்லாம் பொதியில்தான்."

ஆகவே நான் செதுக்கிய கடலையும் கண்டத்தையும் மேலே ஒருவரும் பார்க்கவில்லை. அவரிடம் கலந்துபோன கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "எனக்கு எதைத் தந்திருந்தாலும் சந்தோஷம்தான்," என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அவருக்குக்கூட அது பொருட்டில்லை என்றானபோது, அந்த மண்டபத்தில் எனக்குப் பேச ஆளில்லாமல் போனது.

முதலாளி எனக்குத் தருவதாகச் சொன்ன ஒன்று பெட்டியோடு கிடைத்தது. அதுவும் ஐம்பத்து நான்கில் ஒன்று.

தமிழ்ப் பள்ளி அக்காவுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னேன். "அக்கா, இது போனதோ இல்லையோ எண்டு நிச்சயமாய்த் தெரியாது."

"என்ன பிள்ளை சொல்லுறீர்? பிள்ளையள் படமெல்லாம் கீறி வைச்சிருக்குதுகள்."

"கலந்துபோச்சுது அக்கா. என்னால பிரிக்க ஏலாமல் போச்சுது."

"சரி, அதை ஏன் வெளியில சொல்லுவான்? ஆர் வந்து பாக்கப் போகினம்?"

முதலாளி கேட்ட அதே கேள்வி, எங்கள் தமிழில். தொலைபேசியை வைத்துவிட்டேன். ஆனால் சனிக்கிழமை பதக்கத்தைக் கொண்டுபோனபோது, பிள்ளைகளுக்கு நடந்ததை நடந்தபடியே சொன்னேன். இரண்டு பை, ஒரு தட்டு, தராசு, ஏழு, ஐம்பத்து நான்கு. முன்வரிசையில் இருந்த பையன்களின் முகம் தொங்கிவிட்டது. ஒரு சிறுமி மட்டும் கையை உயர்த்தினாள்.

"அப்ப பாதிக்குப் பாதியோ, அன்ரி?"

"பாதிக்குக் கொஞ்சம் குறைய."

"அது பரவாயில்லை," என்றாள்.

அக்கா பின்னால் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார். தேநீர் நேரத்தில் அவர் என்னோடு பேசவில்லை.

அடுத்த கிழமை போனபோது, வாசலுக்கு எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் பதக்கம் இருந்தது. கீழே பெரிய எழுத்தில், "விண்வெளிக்குச் சென்று வந்த பதக்கம்" என்று தமிழிலும் ஜெர்மனிலும்.

"அக்கா, உதை மாத்துங்கோ."

"ஓம், ஓம், மாத்துவம். கலைவிழா முடியட்டும்."

கலைவிழா முடிந்தது. பிறகு பரீட்சை வந்தது. பிறகு கோடை விடுமுறை. நான் ஒருமுறை "தொடரைச் சேர்ந்தது" என்று அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மையாரின் வாக்கியம்தான், வேறொன்றும் எனக்கு வரவில்லை. அக்கா அதை வாங்கி மேசையில் வைத்தார். அதற்கு மேல் யாரோ வரவுப் புத்தகத்தை வைத்தார்கள்.

சென்ற சனிக்கிழமை மகளை இறக்கிவிடப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தையின் தாய் அந்தப் பெட்டிக்கு முன்னால் குழந்தையை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் யாரோ அவளிடம் ஏதோ சொன்னார்கள்.

"அக்கா, நீங்களே இதைச் செய்தனீங்கள்? கடவுளே! ஒருக்காப் பக்கத்தில நில்லுங்கோவன்."

"இது போனது எண்டு சொல்ல ஏலாது, தங்கச்சி," என்று தொடங்கினேன். அவள் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் இங்காலை, வெளிச்சத்துக்கு வாங்கோ," என்றாள். பின்னால் ஆட்கள் வந்து நெருக்கினார்கள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் நின்றேன். படத்தை எனக்கும் அனுப்பியிருக்கிறாள். அதில் என் வாய் பாதி திறந்திருக்கிறது.